பட்டம் கணக்கில் வரும், மைனர் வராது: அமெரிக்கக் கல்லூரிகளில் லத்தீனும் கிரேக்கமும்

2021-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் கிரேக்கத்தையும் லத்தீனையும் கைவிட்டுவிட்டதாக ஒரு செய்தி பரவியது. அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு மொழிகளும் அங்கே தொடர்ந்து கற்பிக்கப்பட்டு வந்தன. கிளாசிக்ஸை, அதாவது பண்டைய கிரேக்க, ரோமானிய உலகைப் பற்றிய படிப்பை, முதன்மைப் பாடமாக (மேஜர்) எடுப்பவர்கள் அந்த மொழிகளில் ஒன்றையாவது படித்தே ஆக வேண்டும் என்றிருந்த விதியைத்தான் துறை நீக்கியது. அதே ஆண்டில் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் தன் கிளாசிக்ஸ் துறையைக் கலைப்பதாக அறிவித்தது. 2025-ல் ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களின் புதிய சட்டங்கள், குறைந்த மாணவர்கள் பட்டம் பெறும் பாடங்களை மூடும் வேலையைத் தொடங்கிவைத்தன.

இப்படிப் பாடங்களை மூடும் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: "மேஜர் இனி இல்லை, மைனர் தொடரும்." இதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா, அறிகுறியாக எடுத்துக்கொள்வதா? மைனர் என்றால் என்ன, அது எதை நம்பி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் சில சொற்கள்

அமெரிக்க இளங்கலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். ஒரு செமஸ்டர் முழுக்க நடக்கும் ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். ஆக, நான்கு ஆண்டுகளில் சுமார் 40 பாடங்கள். இவற்றில் 10 அல்லது 12 பாடங்கள் ஒரே துறையில் ஒரு வரிசைப்படி அமைந்தால் அது மேஜர். பட்டம் அதன் பெயரில்தான் வரும். 5 அல்லது 6 பாடங்கள், அதாவது 15 முதல் 18 கிரெடிட், இன்னொரு துறையில் சேர்ந்தால் அது மைனர். மதிப்பெண் பதிவேட்டில் அது ஒரு வரியாக இருக்கும். பட்டச் சான்றிதழில் பெரும்பாலும் இருக்காது.

நம் ஊர்க் கல்லூரிகளின் அலைடு பாடத்தை இதோடு ஒப்பிடத் தோன்றும். கொஞ்சம்தான் பொருந்தும். இயற்பியல் படிப்பவருக்குக் கணிதம் அலைடு என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்துவிடும். மைனரைத் தேர்ந்தெடுப்பது மாணவர். கணினி அறிவியல் மேஜரோடு கிரேக்கம் மைனர், உயிரியலோடு லத்தீன் மைனர் என்று எதை வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ளலாம். விருப்பப் பாடங்களுக்கென்று ஒதுக்கிய இடங்களை இதற்குப் பயன்படுத்தினால் கூடுதல் செலவோ கூடுதல் செமஸ்டரோ பொதுவாகத் தேவைப்படாது.

எந்தச் செம்மொழி?

தமிழ் வாசகரை அதிகம் குழப்புவது இதுதான். இந்தியாவில் செம்மொழி என்பது அரசு வழங்கும் தகுதி. 2004-ல் தமிழ் முதலில் பெற்றது. 2024-ல் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம் ஆகியவை சேர்ந்ததும் எண்ணிக்கை 11 ஆனது. அமெரிக்கக் கல்லூரியின் பாடப்பட்டியலில் "கிளாசிக்கல் லாங்குவேஜஸ்" என்று இருந்தால் அதற்குப் பொருள் பெரும்பாலும் பண்டைய கிரேக்கமும் லத்தீனும்தான். அந்தக் கல்லூரியில் சமஸ்கிருதமோ தமிழோ இருந்தால் பொதுவாகத் தெற்காசியத் துறையில் இருக்கும்.

அந்தப் பெயர் வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். லத்தீனில் "கிளாசிஸ்" என்பது சொத்து மதிப்பை வைத்து ரோமானியக் குடிமக்களைப் பிரித்த வகுப்பு. முதல் வகுப்பைச் சேர்ந்தவர் "கிளாசிகுஸ்". இரண்டாம் நூற்றாண்டில் ஔலுஸ் கெல்லியுஸ் என்ற எழுத்தாளர் இந்தச் சொல்லை முதல்தர எழுத்தாளரைக் குறிக்கப் பயன்படுத்தினார். ஆக, "கிளாசிக்ஸ்" என்ற துறைப் பெயருக்குள்ளேயே, இவை முதல்தரமானவை, மற்றவை அடுத்த வரிசை என்ற தீர்ப்பு இருக்கிறது. உலகின் பிற தொன்மையான இலக்கியங்களை அறிந்தவர்கள் இதை எப்படி ஏற்பார்கள்? துறைக்குள்ளேயே பலர் ஏற்கவில்லை. பெயர் மாற்றங்கள் அங்கிருந்துதான் கிளம்பின.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிளாசிக்ஸ் துறை இப்போது பண்டைய கிரேக்க, ரோமானிய ஆய்வுத் துறை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் துறையின் பெயரே கிளாசிக்ஸும் பண்டைய மத்தியதரைக்கடல் ஆய்வும். 1869-ல் அமெரிக்க மொழிநூல் சங்கமாகத் தொடங்கிய பழைய அமைப்புகூட இன்று "கிளாசிக்கல் ஆய்வுச் சங்கம்" என்ற பெயரில் இயங்குகிறது. மொழிநூல் என்ற சொல் பின்னுக்குப் போய், ஆய்வு என்ற சொல் முன்னுக்கு வந்திருக்கிறது.

"பண்டைய மத்தியதரைக்கடல்" என்றதும் வரைபடம் விரிகிறது. ஏதென்சும் ரோமும் இருந்த இடத்தில் இருக்கின்றன. அவற்றோடு எகிப்து, பினீசியா, கார்த்தேஜ், யூதேயா, சிரியா, அனத்தோலியா எல்லாம் உள்ளே வருகின்றன. ஹீப்ரு, அராமைக், காப்டிக் மொழிகளுக்கும் இடம் கிடைக்கிறது. வரலாற்றுக்கு இது நியாயமான எல்லை. அந்தக் கடலைச் சுற்றி வாழ்ந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் வணிகம் செய்தார்கள், போரிட்டார்கள், ஒருவர் எழுத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டார்கள். கிரேக்க எழுத்தே பினீசிய எழுத்திலிருந்து வந்ததுதான்.

ஆனால் பெயர் விரியும்போதெல்லாம் ஆசிரியர் எண்ணிக்கையும் விரிவதில்லை. மூன்று பேர் இருந்த துறை பெயர் மாறிய பிறகும் மூன்று பேராகவே இருந்தால், ஒரு புதிய பாடம் உள்ளே வர ஒரு பழைய பாடம் வெளியே போக வேண்டும். போவது பெரும்பாலும் எது? மேல்நிலை மொழிப் பாடம்.

ஒரே பெயர் போலத் தெரியும் நான்கு மைனர்கள்

1. லத்தீன் மைனர். முதல் ஆண்டு இலக்கணத்தில் போகும். இரண்டாம் ஆண்டில் சீசர், சிசரோ போன்றோரின் உரைநடை, பிறகு கவிதை. ஐந்தாறு பாடங்களும் ஏறக்குறைய மொழிதான்.

2. கிரேக்க மைனர். அமைப்பு இதே. எழுத்து வேறு, வினைவடிவங்கள் மிக அதிகம் என்பதால் முதல் ஆண்டு கடினமாக இருக்கும். இங்கே கிரேக்கம் என்பது இன்று ஏதென்ஸ் தெருவில் பேசும் மொழி இல்லை, கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டு ஏதென்ஸ் வட்டாரத்தின் அட்டிக் வழக்கு.

3. செம்மொழிகள் மைனர். இரண்டு மொழியும் வேண்டும். ஆறு பாடங்களுக்குள் இரண்டையும் அடக்குவது எளிதல்ல. ஒன்றில் ஆழமும் மற்றதில் அடிப்படையும் கிடைக்கும்.

4. கிளாசிக்கல் நாகரிகம் அல்லது பண்டைய மத்தியதரைக்கடல் ஆய்வு மைனர். புராணங்கள், ரோமானிய வரலாறு, தொல்லியல், பண்டைய சமயங்கள் என எல்லாமே மொழிபெயர்ப்பின் வழியாக. சில கல்லூரிகள் இரண்டு செமஸ்டர் மொழி கேட்கும். பல இடங்களில் அதுவும் தேவையில்லை.

முதல் மூன்றும் ஒரு குடும்பம், நான்காவது வேறு. கல்லூரியின் விளம்பரத்தில் நான்கும் ஒரே பக்கத்தில் ஒரே தொனியில் இருக்கும். அதில் ஏமாந்துவிடக் கூடாது. நான்காவதை முடித்த மாணவருக்கு ரோமைப் பற்றி நிறையத் தெரியும். ஆனால் ரோமானியர் எழுதி வைத்த ஒரு கல்வெட்டின் முன்னால் நின்றால் படிக்க முடியாது. நான்காவது தரம் குறைந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. கட்டடக்கலை படிப்பவருக்கு ரோமானிய கான்கிரீட்டையும் நகர அமைப்பையும் பற்றிய பாடங்கள் இலக்கணத்தைவிட நேராக உதவும். எது கிடைக்கிறது என்று தெரிந்து எடுத்தால் போதும்.

மொழி வகுப்பில் நடப்பது என்ன

இதை எட்டநின்று பேசினால் புரியாது. ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "கானிஸ் விரும் மோர்டெட்." கானிஸ் என்றால் நாய். விரும் என்றால் மனிதனை. மோர்டெட் என்றால் கடிக்கிறது. சொற்களை இடம் மாற்றி "விரும் கானிஸ் மோர்டெட்" என்று எழுதினாலும் கடிப்பது நாய்தான். மனிதன் நாயைக் கடிக்க வேண்டுமென்றால் இறுதிகள் மாற வேண்டும்: "கானெம் விர் மோர்டெட்." நாய் என்பது கானிஸிலிருந்து கானெம் ஆகிறது.

ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர் இந்த இடத்தில் திணறுகிறார். அவர் மொழியில் யார் யாரைக் கடித்தார் என்பதைச் சொல்வது சொல்லின் இடம். தமிழருக்கோ இதில் புதிதாக ஒன்றும் இல்லை. "நாய் மனிதனைக் கடித்தது", "மனிதனை நாய் கடித்தது" இரண்டும் நமக்கு ஒன்றுதான், ஏனென்றால் வேலையைச் செய்வது "ஐ" உருபு. எட்டு வேற்றுமையைப் பள்ளியிலேயே ஒப்பித்தவர்களுக்கு லத்தீனின் ஆறு வேற்றுமைகள் பயம் தராது. ஒரு வித்தியாசம் உண்டு: தமிழில் உருபைத் தனியாகப் பிரித்துக் காட்டலாம். லத்தீனில் வேற்றுமை, எண், பால் எல்லாம் ஒரே இறுதியில் குழைந்து கிடக்கும். பெயர்ச்சொற்களும் ஐந்து குழுக்களாகப் பிரிந்து ஐந்து விதமாகத் திரியும். மனப்பாட வேலை அங்கேதான்.

இன்னொன்று. ரோம் நகரத் தெருக்களில் சாக்கடை மூடிகளின் மேல்கூட எஸ், பி, க்யூ, ஆர் என்று நான்கு எழுத்துகள் பொறித்திருக்கும். "செனாட்டுஸ் போப்புலுஸ்க்வே ரோமானுஸ்" என்பதன் சுருக்கம். செனட்டும் ரோமானிய மக்களும் என்று பொருள். நான்கில் மூன்று எழுத்துகள் மூன்று சொற்களின் முதலெழுத்து. க்யூ மட்டும் தனிச்சொல் இல்லை, "போப்புலுஸ்" என்ற சொல்லின் வாலில் ஒட்டிய "க்வே". அது நம் "உம்". தமிழ் இரண்டு சொல்லிலும் "உம்" போடும், லத்தீன் இரண்டாவதில் மட்டும் போடும், அவ்வளவுதான். ஒரு பேரரசின் முத்திரையில் ஓர் இடைச்சொல் கால்பங்கு இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் மட்டும் படிப்பவருக்கு இது கண்ணில் படாது.

இப்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, பிரித்து, எது எதோடு சேர்கிறது என்று பார்த்துப் பார்த்துப் படிப்பதுதான் அந்த வகுப்பு. ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து வரிகள் நகர்ந்தாலே பெரிது. 15 வார செமஸ்டரில் இதை அவசரப்படுத்த முடியாது. ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகவும் முடியாது. மைனரின் பலமும் பலவீனமும் இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

வரிசை அறுந்தால்

ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் செமஸ்டர் லத்தீனில் 24 பேர் சேர்கிறார்கள். இரண்டாவதில் 15 பேர் மிஞ்சுகிறார்கள். மூன்றாவதில் 8 பேர். நான்காவதில் 5 பேர். இந்தக் குறைவு இயல்பானது. எந்த மொழி வகுப்பிலும், இசை வகுப்பிலும்கூட இப்படித்தான் நடக்கும். ஆனால் 10 பேருக்குக் குறைந்தால் வகுப்பு இல்லை என்று நிர்வாகம் ஒரு கோடு போட்டால், மூன்றாவது செமஸ்டர் போகும். மூன்றாவது போனால் நான்காவது தானாகப் போகும். இரண்டு செமஸ்டர் முடித்த 15 பேரும் இலக்கணத்தின் வாசலில் நிற்பார்கள், உள்ளே எதையும் படிக்காமல்.

பல ஆசிரியர்கள் இந்த ஓட்டையைத் தங்கள் நேரத்தால் அடைக்கிறார்கள். அதிகாரபூர்வ வகுப்பு ரத்தானால், தனிவாசிப்புப் பாடம் என்று பதிவு செய்து, மூன்று நான்கு மாணவர்களைத் தம் அறையில் உட்காரவைத்து நடத்துவார்கள். பல இடங்களில் அது அவர்களின் பணிச்சுமைக் கணக்கில் வராது. எத்தனையோ கல்லூரிகளில் மைனர் உயிரோடு இருப்பது இப்படித்தான். மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் ஒருவர் ஓய்வு பெற்றதும் முடிந்துபோகும் ஏற்பாடு.

எண்ணும் முறையில் உள்ள கோளாறு

ஒஹாயோவின் 2025 சட்டப்படி, மூன்று ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 5 பேருக்கும் குறைவாகப் பட்டம் தரும் இளங்கலைப் படிப்பை அரசுப் பல்கலைக்கழகங்கள் நீக்க வேண்டும். விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். இந்தியானாவில் இளங்கலைக்கு அந்த எண் 15. தனி அனுமதி பெறாவிட்டால் படிப்பு போகும். இவை கிளாசிக்ஸைக் குறிவைத்து எழுதிய சட்டங்கள் அல்ல. இயற்பியல், தத்துவம், பிறமொழிகள் என்று பல பாடங்களும் இதே தராசில்தான் நிற்கின்றன.

இந்த எண்ணிக்கை எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

1. தராசில் வைப்பது பட்டத்தை. பட்டம் என்றால் மேஜர். மைனர் பட்டம் இல்லை என்பதால் அதை முடித்தவர் பூஜ்யமாகவே எண்ணப்படுவார்.

2. அதே கற்பனைத் துறையில் ஆண்டுக்கு 4 பேர் மேஜர் முடிக்கிறார்கள், 18 பேர் மைனர் முடிக்கிறார்கள், புராண வகுப்பில் 140 பேர் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆசிரியர்களுக்கு இது குறைந்த வேலை இல்லை. தராசில் தெரிவது 4 மட்டும்.

3. மேஜர் மூடப்படுகிறது. மைனர் தொடரும் என்று அறிவிப்பு வருகிறது. முதல் ஆண்டு எதுவும் மாறியதாகத் தெரியாது.

4. ஆனால் நான்காவது செமஸ்டர் லத்தீனில் இருந்த 5 பேரில் பாதிப்பேர் மேஜர் மாணவர்கள். அவர்கள் இல்லாதபோது வகுப்பு 2 அல்லது 3 பேராகச் சுருங்கும். மேல்நிலை வகுப்பு நடக்காது.

5. ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். மேஜர் இல்லாத துறைக்குப் புதிய நிரந்தரப் பணியிடம் கேட்பது மிகக் கடினம்.

6. மொழி மைனரை முடிக்க வழியில்லாமல் போனதும் அது நாகரிக மைனராக மாற்றப்படுகிறது. பெயர் இருக்கிறது, மொழி போய்விட்டது.

ஆகவே "மேஜர் போனாலும் மைனர் இருக்கும்" என்ற வாக்குறுதியை நம்ப வேண்டுமானால், இன்னொரு உறுதியும் கூடவே வேண்டும்: நான்கு செமஸ்டர் மொழி வரிசை, மாணவர் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் நடக்கும் என்ற உறுதி. அது இல்லாத மைனர் சில ஆண்டுகளில் கரைந்துவிடும்.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி 2016-க்கும் 2021-க்கும் இடையில் ஆங்கிலம் அல்லாத மொழி வகுப்புகளில் மொத்தச் சேர்க்கை 16.6 சதவீதம் சரிந்தது. மாணவர் இல்லாத வகுப்புக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி நேர்மையான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தேட வேண்டுமானால் வகுப்பில் இருக்கும் எல்லாத் தலைகளையும் எண்ண வேண்டும்.

கட்டாயத்திலிருந்து விருப்பத்துக்கு

ஒரு காலத்தில் இந்த மொழிகளுக்கு இப்படிப்பட்ட கவலை கிடையாது, ஏனென்றால் எல்லோர் மேலும் திணிக்கப்பட்டவை. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட் விருப்பப் பாட முறையை விரிவாக்கியபோது அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் தளர ஆரம்பித்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு 1920-ல் கிரேக்கக் கட்டாயத்தையும் 1960-ல் லத்தீன் கட்டாயத்தையும் கைவிட்டது. கட்டாயம் போனது நல்லதே. பிரம்படிக்குப் பயந்து படித்த தலைமுறைகள் அந்த மொழிகளை எவ்வளவு வெறுத்தன என்பதற்கு அந்தக் காலத்து நினைவுக் குறிப்புகளே சாட்சி.

விருப்பத்தால் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஹோவர்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1953-ல் அங்கே பட்டம் பெற்ற டோனி மாரிசன் ஆங்கிலத்தை மேஜராகவும் கிளாசிக்ஸை மைனராகவும் படித்தவர். 1993-ல் நோபல் பரிசு பெற்றார். கிரேக்க, ரோமானிய உலகில் கறுப்பினத்தவர் எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பதை ஆராய்ந்து தடம் பதித்த ஃபிராங்க் ஸ்னோடன் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். கறுப்பினத்தவருக்கென்று வரலாற்று ரீதியாக உருவான கல்வி நிலையங்களில் கிளாசிக்ஸுக்குத் தனித்துறை வைத்திருந்தது ஹோவர்ட் ஒன்றுதான். அதனால்தான் 2021 அறிவிப்பு மற்ற மூடல்களைவிட அதிகம் வலித்தது. பாடங்கள் சில பிற துறைகளுக்குப் பிரித்துத் தரப்பட்டன. பட்டங்களை மட்டும் எண்ணும் தராசை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மாரிசனைப் போல ஒரு மைனர் மாணவி அந்தத் தராசில் எத்தனை கிராம் இருந்திருப்பார்? ஒன்றும் இல்லை.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

முதலில், உதவாதவை. மருத்துவச் சொற்கள் எளிதாகும் என்பதற்காக மட்டும் லத்தீன் மைனர் எடுக்க வேண்டாம். ஒரு செமஸ்டர் மருத்துவச் சொல்லியல் பாடமே அதற்குப் போதும். லத்தீன் படித்தவர்கள் நுழைவுத் தேர்வுகளில் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்ற விளம்பரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கடினமான மொழியை விரும்பித் தேர்ந்தெடுப்பவர் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். லத்தீன் அவரை உயர்த்தியதா, உயர்ந்தவர் லத்தீனுக்கு வந்தாரா என்று அந்த மதிப்பெண் சொல்லாது.

கிளாசிக்ஸில் முனைவர் பட்டத்துக்குப் போக மைனர் பொதுவாகப் போதாது. இரண்டு மொழியிலும் பல ஆண்டுப் பயிற்சி எதிர்பார்ப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்பவே பட்டத்துக்குப் பிந்தைய ஓராண்டுப் பயிற்சிகளும், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1973 முதல் நடத்திவரும் கோடைக்காலத் தீவிரப் பயிற்சி போன்றவையும் இருக்கின்றன.

உதவும் இடங்கள்: இடைக்கால வரலாறு, சட்ட வரலாறு, இறையியல், ஒப்பியல் மொழியியல், தத்துவம், அருங்காட்சியகப் பணி. இவற்றில் மேற்படிப்புக்குப் போகிறவருக்கு மூல நூலைப் படிக்க முடியும் என்பது பெரிய பலம்.

இந்தியாவிலிருந்து போகும் மாணவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. படிப்பு முடிந்ததும் அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்குக் கிடைக்கும் கூடுதல் பணிக்கால அனுமதி மேஜரை வைத்துக் கணக்கிடப்படுவது. கணினி மேஜரோடு லத்தீன் மைனர் சேர்ப்பதால் அந்த அனுமதிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. மறுபக்கம், கிளாசிக்ஸ் மேஜரோடு கணினி மைனர் வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது.

சேர்வதற்கு முன் துறையிடம் கேட்க வேண்டியவை இரண்டு. மூன்றாவது, நான்காவது செமஸ்டர் மொழி வகுப்புகள் கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் நடந்தனவா? மொழியைக் கற்பிப்பவர் நிரந்தர ஆசிரியரா, ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவரா? இந்த இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் மீதியை மாணவரே பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் ஆய்வோடு உள்ள தொடர்பு

இது இழுத்துப் பிடித்துச் சேர்க்கும் தொடர்பு இல்லை. தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய தொடக்ககால இலக்கணங்களில் முக்கியமான சில லத்தீனில்தான் இருக்கின்றன. சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் பேச்சுத்தமிழுக்கு எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சேறியது. திருக்குறளின் முதல் இரண்டு பால்களை அவர் மொழிபெயர்த்ததும் லத்தீனில்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழ் எப்படிப் பேசப்பட்டது என்று அறிய விரும்பும் ஆய்வாளர் இந்த நூல்களுக்குப் போயே ஆக வேண்டும்.

கிரேக்கம் இன்னும் பின்னால் கொண்டுபோகும். வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது 1985-ல் பதிப்பிக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் முசிறிக்கான வணிகப் பயணத்தை ஒட்டிய கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் "ஹெர்மாபொல்லோன்" என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு: கங்கைக்கரை நறுமணப் பொருள், யானைத் தந்தம். செங்கடல் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தின் மேல் பாலைவனத்தைக் கடந்து, நைல் வழியாக அலெக்சாந்திரியா போய்ச் சேர வேண்டும். வழியில் காவல் யார் பொறுப்பு, அரசுக்குச் சேர வேண்டிய நாலில் ஒரு பங்கு வரி எப்படி என்றெல்லாம் அதில் பேச்சு வருகிறது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறி என்று அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்வதன் மறுமுனைக் கணக்குப்புத்தகம் அது. எழுதியிருப்பது கிரேக்கத்தில். அகநானூற்றையும் அந்த ஏட்டையும் தாமே படிக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர்.

அதே எகிப்தில், செங்கடல் ஓரத்துப் பெரனிகே துறைமுகத்தில், இந்தியாவில் செய்த ஒரு சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு கோயில் வளாகத்தில் கிடைத்தது. அதற்கு வடக்கே குசெய்ர் அல்-காதிமில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமியில் இரண்டு சொற்கள் கீறியிருந்தன: "பானை ஒறி". கயிற்று உறியில் தொங்கவிடும் பானை. பெரனிகேயும் குசெய்ரும் பண்டைய மத்தியதரைக்கடல் பாடத்தில் வரும் இடங்கள்தான். அந்த அகழாய்வுகளில் அக்கம்பக்கமாகக் கிடைக்கும் ஓடுகளில் சில கிரேக்கத்திலும் சில லத்தீனிலும் சில தமிழிலும் எழுதப்பட்டிருக்கின்றன.